‘ஒர்க்கிங் கண்டிஷன்’ என்று போட்டிருந்தால் போதுமா? பழைய வீடியோ கேம் வாங்கும் அனுபவம்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய கன்சோல் ஒன்றை வைத்துக்கொண்டு செகண்ட் ஹேண்டில் கேம் வாங்கி விளையாட நினைப்பவருக்குக் கொடுத்த காசுக்கு முழுப் பலன் தருவது பிளேஸ்டேஷன் 2. அடுத்தது நிண்டெண்டோ 64. பிளேஸ்டேஷன் 3-க்கும் தாராளமாக வாங்கலாம், ஒரே ஒரு விஷயத்தில் உஷாராக இருந்தால் போதும். நிண்டெண்டோவின் கையடக்கக் கன்சோல்களான கேம்பாய், கேம்பாய் அட்வான்ஸ், டிஎஸ் மூன்றும் எனக்கு உயிர். ஆனால் டூப்ளிகேட் மலிந்து கிடப்பதும் அங்கேதான் என்பதால் அவசரப்பட்டுக் கை வைக்கக் கூடாது.

கேம்கள் எவ்வளவு நன்றாக இருக்கின்றன என்பதை வைத்து நான் இந்த வரிசையைப் போடவில்லை. கேசட்டிலோ டிஸ்கிலோ எது முதலில் கெட்டுப்போகும், கெட்டால் சரிசெய்ய முடியுமா, பணம் கொடுப்பதற்கு முன்பே அதைக் கண்டுபிடிக்க வழி உண்டா என்று பார்த்துப் போட்ட வரிசை இது. நான் விளையாடுவதற்காக வாங்குபவன். அலமாரியில் அழகாக நிற்பதைவிட டிவியில் ஒழுங்காக ஓடுவதுதான் எனக்கு முக்கியம்.

எதற்கு இந்தப் பாடு, டவுன்லோடு செய்துகொள்ளலாமே என்று கேட்பவர்கள் உண்டு. பெரும்பாலான பழைய கேம்களுக்கு அந்த வழியே இல்லை. வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-ல் வெளியிட்ட ஆய்வின்படி, அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளியான பழைய கேம்களில் 87 சதவீதம் இப்போது எங்கும் புதிதாக விற்பனையில் இல்லை. நிண்டெண்டோவின் வீ கன்சோலின் ஆன்லைன் கடை 2019 ஜனவரியில் மூடப்பட்டது. 3டிஎஸ், வீ யூ இரண்டிலும் 2023 மார்ச்சோடு கேம் வாங்குவது நின்றுபோனது. எக்ஸ்பாக்ஸ் 360 கடைக்கு 2024 ஜூலையில் பூட்டு. மிச்சமிருப்பது, யாரோ ஒருவர் வீட்டில் வைத்திருந்து விற்கும் பழைய காப்பிதான். ஆகவே அந்தக் காப்பி நல்லதாக அமைய வேண்டும் என்பதில் எனக்கு அவ்வளவு அக்கறை.

கேசட்டில் இருந்து ஆரம்பிக்கிறேன். கேசட் லேசில் சாகாது. உள்ளே இருப்பது ஒரு சின்ன போர்டு, அதில் கேம் பதிந்த சிப், அவ்வளவுதான். ஓடவில்லை என்று சொல்லி விற்கப்படும் கேசட்களில் பலவற்றுக்குக் கோளாறு அழுக்கு மட்டும்தான். பஞ்சுக் குச்சியில் ஐசோப்ரோபைல் ஆல்கஹாலைத் தொட்டு போர்டின் விளிம்பில் உள்ள தங்க நிறப் பட்டைகளைத் துடைத்தால் பஞ்சு கருகருவென்று வரும். கருப்பு நிற்கும்வரை பஞ்சை மாற்றி மாற்றித் துடைத்து, நன்றாகக் காயவிட்டுப் போட்டால் பெரும்பாலும் எழுந்துவிடும். வாயால் ஊதுவது எல்லாரும் செய்வதுதான், ஆனால் எச்சில் ஈரம் பட்டைகளை அரிக்கும். அதை விட்டுவிடுங்கள்.

கேசட்டில் நிச்சயமாகத் தீர்ந்துபோகிற ஒரே பொருள் பேட்டரி. 1980-களின் செல்டா தொடங்கி, விளையாட்டைச் சேவ் செய்து வைக்கும் பல கேசட்களில் ஒரு பட்டன் பேட்டரி இருக்கிறது. கன்சோலை அணைத்த பிறகும் சேவ் அழியாமல் பார்த்துக்கொள்வது அதுதான். அது தீர்ந்தால் கேம் ஓடும், சேவ் நிற்காது. இங்கேதான் ‘ஒர்க்கிங் கண்டிஷன்’ என்ற வார்த்தை நம்மை ஏமாற்றுகிறது. விற்பவர் போட்டுப் பார்த்திருப்பார், டைட்டில் திரை வந்திருக்கும், ஒர்க்கிங் என்று எழுதிவிட்டார். பொய் சொல்லவில்லை. ஆனால் முப்பது மணி நேரம் விளையாட வேண்டிய கேமை ஒவ்வொரு நாளும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

போக்கிமான் கேம்களை எடுத்துக்கொண்டால் இந்த வித்தியாசம் நன்றாகப் புரியும். கோல்டு, சில்வர், கிரிஸ்டல் மூன்றிலும் ஒரே பேட்டரிதான் சேவ் செய்ததையும் காக்கிறது, உள்ளிருக்கும் கடிகாரத்தையும் ஓட்டுகிறது. கடிகாரம் இடைவிடாமல் மின்சாரம் குடிப்பதால், முந்தைய ரெட், ப்ளூவைவிட இவற்றில் பேட்டரி சீக்கிரம் தீரும். இன்று கையில் கிடைக்கும் கோல்டு கேசட்டில் பழைய பேட்டரியே இருந்தால், அது செத்துவிட்டது என்று வைத்துக்கொண்டே விலை பேசுங்கள். ரூபி, சஃபையர், எமரால்டு வேறு கதை. அங்கே சேவ் இருப்பது ஃப்ளாஷ் மெமரியில், பேட்டரி கடிகாரத்துக்கு மட்டும். ‘உள் பேட்டரி தீர்ந்துவிட்டது’ என்று திரையில் வந்தாலும் சேவ் பத்திரமாக இருக்கும். பெர்ரி செடி வளராது, அலை ஏறி இறங்கும் குகையில் நேரம் மாறாது, இப்படிச் சில விஷயங்கள்தான் நின்றுபோகும். இதைத் தெரியாமல் பழுதான கேசட் என்று விலையைக் குறைத்துப் போடுபவர்கள் இருக்கிறார்கள். அசல்தான் என்று உறுதியானால் உடனே வாங்கிவிடுங்கள். ஃபயர்ரெட், லீஃப்கிரீன் இரண்டிலும் பேட்டரியே கிடையாது, நிம்மதி.

நிண்டெண்டோ 64-க்கு இரண்டாம் இடம் கொடுத்ததற்கு இதுதான் காரணம். சூப்பர் மரியோ 64, மரியோ கார்ட் 64 போன்றவை பேட்டரி தேவைப்படாத சிப்பில் சேவ் செய்கின்றன. செல்டா வரிசையின் அக்கரினா ஆஃப் டைமில் பேட்டரி உண்டு, அடுத்து வந்த மஜோராஸ் மாஸ்க்கில் இல்லை. ஆனால் மஜோராஸ் மாஸ்க்கும் டான்கி காங் 64-ம் ஓட கன்சோலில் எக்ஸ்பான்ஷன் பேக் என்ற கூடுதல் மெமரி இருந்தாக வேண்டும். கேசட்டை மட்டும் வாங்கிவிட்டு ஓடவில்லை என்று விற்பவரோடு சண்டைக்குப் போகாதீர்கள்.

பேட்டரி மாற்றிக் கொடுத்திருக்கிறோம் என்று விற்பவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: சால்டர் செய்ததா, டேப் ஒட்டியதா? கால் வைத்த பேட்டரியை முறையாகச் சால்டர் செய்திருந்தால் பல வருடம் கவலை இல்லை. ஒரு விற்பனையாளர் எனக்கு அனுப்பிய கேசட்டைத் திறந்தால், பழைய தகட்டுக்கு நடுவில் புதுப் பேட்டரியைச் செருகி, மேலே மின்சார டேப்பைச் சுற்றி வைத்திருந்தார். கேசட்டைக் கொஞ்சம் தட்டினால் போதும், சேவ் போய்விடும். வேலையைச் செய்வதாகச் சொல்லிவிட்டு இப்படிச் செய்வதற்குப் பதில், தீர்ந்த பேட்டரியோடு அப்படியே விற்றிருக்கலாம். பணத்தைத் திருப்பித் தந்தார், அது வேறு விஷயம்.

சரி, டூப்ளிகேட். எமரால்டு ஒன்றை வாங்கப் பேசிக்கொண்டிருந்தபோது விற்பவர் அனுப்பிய படங்களை எப்படிப் பார்த்தேன் என்று சொன்னால் உதவியாக இருக்கும். முன்பக்கப் படத்தில் லேபிள் பளபளவென்று புதிதாக இருந்தது. அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, நன்றாக வைத்திருந்திருக்கலாம். லேபிளைச் சாய்த்துப் பிடித்து, பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி ஒரு படம் கேட்டேன். அசல் கேம்பாய் அட்வான்ஸ் லேபிளில் மையில்லாமல் அழுத்திப் பதித்த இரண்டு இலக்க எண் ஒன்று இருக்கும். நேராகப் பார்த்தால் தெரியாது, சாய்த்தால் பள்ளமாகத் தெரியும். இந்தப் படத்தில் லேபிள் வழவழவென்று இருந்தது. அடுத்து, கேசட்டின் அடிப்பக்கத்தைக் கேட்டேன். தங்கப் பட்டைகளுக்கு மேலே, போர்டின் விளிம்பில், ‘நிண்டெண்டோ’ என்ற சின்ன எழுத்து எட்டிப் பார்க்க வேண்டும். அதுவும் இல்லை. கடைசியாக, வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்கச் சொன்னேன். எமரால்டு கேசட் கண்ணாடி போன்ற பச்சை பிளாஸ்டிக், உள்ளே இருக்கும் பேட்டரியின் வட்டம் மங்கலாகத் தெரியும். வந்த படத்தில் பேட்டரி இருக்க வேண்டிய இடம் காலி. அதோடு பேச்சை முடித்துக்கொண்டேன். விற்பவருக்கே அது டூப்ளிகேட் என்று தெரிந்திருக்காது, சின்ன வயதில் வாங்கிக் கொடுத்தது என்றார். எனக்கு அவர்மேல் கோபம் இல்லை.

திறந்து காட்டச் சொல்லும் அளவுக்கு விலை இருந்தால் தயங்காமல் கேளுங்கள். கேம்பாய், சூப்பர் நிண்டெண்டோ, நிண்டெண்டோ 64 கேசட்களுக்கு 3.8 மில்லிமீட்டர் கேம்பிட் என்ற தனி ஸ்க்ரூடிரைவர் வேண்டும், அட்வான்ஸுக்கு மூன்று கிளை உள்ள ட்ரை-விங் (tri-wing) ஸ்க்ரூடிரைவர். இரண்டும் மலிவு, வீட்டில் இருந்தால் நல்லது. டிஎஸ் கேசட்களில் திறக்காமலே தெரியும் ஒரு அடையாளம் போக்கிமான் ஹார்ட்கோல்டிலும் சோல்சில்வரிலும் உண்டு. இவற்றில் இன்ஃப்ராரெட் வேலை செய்வதற்காகக் கூடு மற்ற டிஎஸ் கேசட் மாதிரி சாம்பலாக இல்லாமல், கருப்பாக இருக்கும். பலமான விளக்கில் பிடித்தால் அடர் சிவப்பாக ஒளி ஊடுருவும். சாம்பல் நிறத்தில் ஒரு ஹார்ட்கோல்டை யாராவது நீட்டினால் மேற்கொண்டு பேசவே வேண்டாம்.

டூப்ளிகேட்டிலும் கேம் ஓடத்தானே செய்கிறது என்று கேட்கலாம். ஓடும், ஆனால் முழுதாக முடித்த பிறகு சேவ் மறைந்துபோவது, மற்ற கேசட்டோடு பரிமாற்றம் செய்ய முடியாமல் போவது என்று அவற்றில் வரும் தொல்லைகள் எல்லாமே தாமதமாக வருபவை. அசல் விலை கொடுத்து அதை வாங்கக் கூடாது.

டிஸ்குக்கு வருவோம். கீறல் என்றாலே பயப்படுகிறோம், ஆனால் எந்தப் பக்கம், எந்தத் திசை என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சிடியில் தகவல் இருப்பது நாம் நினைப்பது போல அடிப்பக்கத்தில் அல்ல. படம் அச்சிட்ட மேல்பக்கத்துக்கு நேர் கீழே, ஒரு மெல்லிய பூச்சுக்கு அடியில் இருக்கிறது. அடிப்பக்கக் கீறலை மெருகேற்றும் இயந்திரத்தில் தேய்த்து எடுத்துவிடலாம். மேல்பக்கத்தில் ஆழமாக ஒரு கோடு விழுந்தால் தகவலே உரிந்து போயிருக்கும், அதற்கு வைத்தியம் கிடையாது. டிவிடியில் தகவல் இரண்டு பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவில் பத்திரமாக இருக்கிறது. ப்ளூ-ரேயில் அடிப்பக்கத்திலிருந்து வெறும் 0.1 மில்லிமீட்டர் ஆழத்தில். அதனால்தான் அதன்மேல் கெட்டியான பூச்சு கொடுத்திருக்கிறார்கள். சாதாரணமாகக் கீறல் விழாது, விழுந்தால் தேய்த்து எடுக்கவும் முடியாது.

இதை மனதில் வைத்தால் வாங்குவது எளிது. பிளேஸ்டேஷன் 1, சேகாவின் சாட்டர்ன் இரண்டும் சிடி, ஆகவே மேல்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள், விளக்குக்கு எதிரே பிடித்து ஊசித்துளை போல வெளிச்சம் வருகிறதா என்றும் கேளுங்கள். பிளேஸ்டேஷன் 1 டிஸ்கின் அடிப்பக்கம் கருப்பு என்பதால் கீறல் சட்டென்று தெரியாது, சாய்த்து எடுத்த படம் வேண்டும். பிளேஸ்டேஷன் 2-ல் அடிப்பக்கம் நீலமாக இருந்தால் சிடி, வெள்ளியாக இருந்தால் டிவிடி. வெள்ளி டிஸ்கில் அடியில் மெல்லிய கீறல்கள் இருந்தால் கவலைப்படாமல் வாங்கலாம். பிளேஸ்டேஷன் 3 டிஸ்க் ப்ளூ-ரே என்பதால், கண்ணுக்குத் தெரியும் கீறல் இருந்தால் வேறு காப்பி பாருங்கள்.

திசை ஏன் முக்கியம் என்றால், தகவல் வட்டமாகச் சுற்றிச் சுற்றி எழுதப்பட்டிருக்கிறது. நடுவிலிருந்து வெளியே போகும் கோடு ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம்தான் மறைக்கும், பிழைதிருத்தம் அதைச் சமாளித்துவிடும். தகவலோடு சேர்ந்து வட்டமாக ஓடும் கீறல் ஒரே இடத்தில் நிறைய விழுங்கிவிடும். எக்ஸ்பாக்ஸ் 360-ஐ ஓடும்போது அசைத்தால் விழும் வளையம் இதற்கு மோசமான உதாரணம். வளையம் தெரிந்தால் அடிமாட்டு விலைக்குக் கொடுத்தாலும் நான் வாங்க மாட்டேன். துடைக்கும்போதும் இதே கணக்குதான், நடுவிலிருந்து வெளியே நேராகத் துடைக்க வேண்டும்.

டிஸ்க் படிக்கவில்லை என்றால் உடனே விற்பவரைக் குறை சொல்லவும் வேண்டாம். காட் ஆஃப் வார் 2 போன்ற இரட்டை அடுக்கு டிவிடிகளைத் தேய்ந்துபோன பிளேஸ்டேஷன் 2 லென்ஸ் படிக்கத் திணறும். அதே டிஸ்கை இன்னொரு கன்சோலில் போட்டுப் பார்த்துவிட்டுப் பேசுவதுதான் நியாயம்.

பெட்டியும் கையேடும் தேவையா? பெரும்பாலும் இல்லை, லூஸ் காப்பி வாங்குங்கள் என்பேன். சேகாவின் மெகா டிரைவ் மட்டும் விதிவிலக்கு. அதன் பெட்டிகளில் பெரும்பாலானவை கெட்டிப் பிளாஸ்டிக் என்பதால் நிறையப் பிழைத்திருக்கின்றன, பெட்டியோடு வாங்குவது அங்கே கட்டுபடியாகும். சூப்பர் நிண்டெண்டோ, நிண்டெண்டோ 64, கேம்பாய் பெட்டிகள் பெரும்பாலும் அட்டை, வந்த வேகத்தில் குப்பைக்குப் போனவை. அந்த அட்டைக்குத்தான் இன்று கேமைவிட அதிகம் கேட்கிறார்கள். ஆனால் பெட்டி இல்லாமல் விளையாட முடியாத கேம்களும் உண்டு. பிளேஸ்டேஷன் 1-ல் மெட்டல் கியர் சாலிட், ஒரு கட்டத்தில் மெரில் என்ற பாத்திரத்தைத் தொடர்புகொள்ள வேண்டிய அலைவரிசை சிடி பெட்டியின் பின்பக்கத்தில் இருக்கிறது என்று சொல்லும். டிஸ்க் மட்டும் வாங்கியவர் அங்கே அப்படியே நிற்பார். அலைவரிசை 140.15, எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நிண்டெண்டோவின் ஸ்டார்டிராபிக்ஸ் இன்னும் ஒரு படி மேலே. கேமோடு வந்த காகிதக் கடிதத்தைத் தண்ணீரில் நனைத்தால்தான் எண் தெரியும். அது 747. இப்படி ஒரு யோசனை தோன்றிய காலத்தை நினைத்தால் எனக்கு இன்றும் சந்தோஷமாக இருக்கிறது.

பல டிஸ்க் உள்ள கேம்களில் எல்லா டிஸ்கும் இருக்கிறதா என்று எண்ணுங்கள். ஃபைனல் ஃபேண்டஸி 7-க்கு மூன்று, 8-க்கும் 9-க்கும் நான்கு. ‘முதல் டிஸ்க் நன்றாக ஓடுகிறது’ என்று விளம்பரத்தில் இருந்தால் மற்றவற்றின் கதையைக் கேட்டே ஆக வேண்டும்.

எங்கே வாங்குவது என்ற கேள்விக்கு என் பதில், திருப்பி எடுத்துக்கொள்ளும் இடத்தில் வாங்குங்கள் என்பதுதான். சோதித்துப் பார்த்து, குறிப்பிட்ட நாளுக்குள் திருப்பித் தந்தால் வாங்கிக்கொள்கிற பழைய கேம் கடை கொஞ்சம் கூடுதல் விலை சொன்னாலும் பரவாயில்லை. ஈபேயில் போட்டிருக்கும் விலையைப் பார்த்து மலைக்காதீர்கள், அது விற்பவரின் ஆசை. ‘விற்று முடிந்தவை’ என்று வடிகட்டிப் பார்த்தால்தான் உண்மையான விலை தெரியும். பிரைஸ்சார்ட்டிங் தளமும் விற்பனை முடிந்த விலைகளை வைத்தே கணக்குப் போடுகிறது, லூஸ், பெட்டியோடு, சீல் பிரிக்காதது என்று தனித்தனியாக. 2021-ல் சீல் பிரிக்காத சூப்பர் மரியோ 64 ஒன்று ஏலத்தில் பெரும் தொகைக்குப் போன செய்தி வந்ததில் இருந்து, வீட்டில் இருக்கும் தேய்ந்த மரியோ 64-ஐயும் புதையல் என்று நினைப்பவர்கள் கூடிவிட்டார்கள். உலகம் முழுக்க ஒரு கோடிக்கு மேல் விற்ற கேசட் அது. பொறுமையாக இருந்தால் நியாயமான விலைக்குக் கட்டாயம் அமையும்.

மொத்தமாகக் கட்டி விற்கும் லாட்களில் எனக்கு நம்பிக்கை குறைவு. முன்னால் இரண்டு நல்ல கேமை வைத்து, பின்னால் ஃபிஃபா, மேடன் போன்ற பழைய ஸ்போர்ட்ஸ் கேம்களையும் சேர்த்துத் தலையில் கட்டிவிடுவார்கள். உங்களுக்கு வேண்டிய கேமின் தனி விலையைப் பார்த்து, மற்றதைப் பூஜ்யம் என்று வைத்துக் கணக்கிட்டால் போதும். இணையத்தில் எடுத்த பொதுப் படத்தைப் போட்டிருந்தால் கண்டிப்பாகத் தவிர்த்துவிடுங்கள்.

ரீஜன் விஷயத்தை, அதாவது ஒரு நாட்டுக் காப்பி வேறு நாட்டுக் கன்சோலில் ஓடுமா என்பதை, சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கேம்பாய், அட்வான்ஸ், டிஎஸ்ஸில் தடை கிடையாது, டிஎஸ்ஸின் பிந்தைய வடிவமான டிஎஸ்ஐ-க்கென்றே வந்த கேம்கள் மட்டும் விதிவிலக்கு. பிளேஸ்டேஷன் 3-ல் பெர்சோனா 4 அரீனாவைத் தவிர அநேகமாக எதையும் எந்தக் கன்சோலிலும் போடலாம். பிளேஸ்டேஷன் 1, 2, சாட்டர்ன், கேம்க்யூப், 3டிஎஸ் எல்லாம் பூட்டியவை. ஜப்பான் காப்பி மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்குமுன் உங்கள் கன்சோல் எந்த ரீஜன் என்று பாருங்கள். ஓட்டமும் குதியும் மட்டும் உள்ள கேம் என்றால் மொழி தடையில்லை, கதை படித்து முன்னேற வேண்டிய கேம் என்றால் யோசியுங்கள். ஐரோப்பாவின் PAL டிவி முறைக்கு வந்த காப்பிகளில் பழைய கேம்கள் பல 50 ஹெர்ட்ஸில் மெதுவாக ஓடும். முதல் சோனிக்கில் இசைகூட இழுத்துப் பாடும். வேகத்துக்காக விளையாடும் சோனிக்கை அப்படி விளையாடுவதில் எனக்கு இஷ்டமில்லை.

பிளேஸ்டேஷன் 3-ல் உஷாராக இருக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு என்றேனே, அது ஆன்லைன் மட்டும் உள்ள கேம்கள். மேக் என்ற 2010-ஆம் ஆண்டு கேமில் 256 பேர் ஒரே களத்தில் மோதினார்கள். 2014 ஜனவரியில் சர்வரை நிறுத்தினார்கள். டிஸ்க் கீறல் இல்லாமல் ஜொலித்தாலும் அதில் விளையாட ஒன்றுமில்லை. இப்படிப்பட்டவை மலிவாக இருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். தனியாக விளையாடும் பகுதி இருக்கிறதா என்று ஒரு நிமிடம் தேடிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பார்சல் வந்த அன்றே செய்ய வேண்டியது: கேசட் என்றால் ஒரு சேவ் போட்டு, கன்சோலை அணைத்து, கேசட்டை வெளியே எடுத்து வைத்துவிட்டு, மறுநாள் காலை சேவ் இருக்கிறதா என்று பாருங்கள். டிஸ்க் என்றால் டைட்டில் திரையோடு நிற்காமல் முதல் வீடியோ காட்சி வரை ஓட்டுங்கள், திக்கினால் அங்கே தெரியும். பல டிஸ்க் கேமில் ஒவ்வொன்றையும் போட்டு, குறைந்தது படிக்கிறதா என்றாவது பாருங்கள். நான்காவது டிஸ்க் ஓடவில்லை என்று இரண்டு மாதம் கழித்துச் சொன்னால் எந்தக் கடைக்காரரும் காது கொடுக்க மாட்டார்.